முகத்திறப்பும் ரேகைத்திறப்பும்

திறன்பேசியைக் கையில் எடுத்தவுடன் அதைத் திறக்க இன்று பெரும்பாலோர் நாடும் வழிகள் இரண்டு: ஒன்று விரலை வைப்பது, மற்றொன்று முகத்தைக் காட்டுவது. பேச்சில் இவற்றை ஃபிங்கர்பிரின்ட், ஃபேஸ் அன்லாக் என்கிறோம். எழுதும்போது கைரேகை, விரல்ரேகை, முக அடையாளம், முக அங்கீகாரம், முகமறிதல் என்று ஆளுக்கொரு சொல்லாக வருகிறது. இவற்றுள் சில, பொருளைச் சற்றே பிழையாகச் சுட்டுகின்றன. சொல் பிழையாகும்போது கருவி என்ன செய்கிறது என்னும் புரிதலும் பிழையாகிறது என்பதால், இச்சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது பயனுடையது.

இரண்டுக்கும் பொதுவான பெயர் பயோமெட்ரிக். கிரேக்க மொழியில் 'பயோஸ்' என்றால் உயிர் அல்லது வாழ்வு. 'மெட்ரான்' என்றால் அளவு. இச்சொல் முதலில் பூட்டு, அடையாளம் ஆகியவற்றோடு தொடர்பின்றி, உயிரினங்களைப் பற்றிய புள்ளியியலைக் குறித்தது. பிரான்சிஸ் கால்டன், கார்ல் பியர்சன் ஆகியோர் இத்துறையை வளர்த்தவர்கள். அந்தக் கால்டனே 1892இல் விரல்ரேகைகளின் தனித்தன்மையைப் பற்றி விரிவாக எழுதியவர் என்பதால், உயிரினங்களை அளக்கும் கலையும் ஆளை உறுதிசெய்யும் கலையும் ஒரே மனிதரின் மேசையில் அருகருகே இருந்தன என்று சொல்லலாம்.

தமிழில் இதற்கு 'உயிரளவியல்' என்ற சொல் ஆளப்படுகிறது. வேர்ச்சொற்களை நோக்கினால் அது சரியான பெயர்ப்பே. ஆயினும் திறன்பேசி அளப்பது உயிரை அன்று. உடலில் ஒருவருக்கே உரிய கூறுகளையே அது அளக்கிறது. ஆகவே 'மெய்யடையாளம்' என்ற சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மெய் என்பது தமிழில் உடலையும் உண்மையையும் ஒருங்கே குறிக்கும். மெய்ப்பித்தல் என்றால் உண்மையென நிறுவுதல். உடலைக் கொண்டே 'இவர் இவர்தாம்' என்று மெய்ப்பிக்கும் செயலுக்கு இதைவிட இயல்பான அடிச்சொல் கிடைப்பது அரிது. 'உயிர்' என்ற சொல்லுக்கும் இத்துறையில் ஓரிடம் உண்டு: வைக்கப்பட்டது உயிருள்ள விரலா, வார்க்கப்பட்ட போலியா என்று ஆராய்வதை 'உயிர்ப்புச் சோதனை' எனலாம்.

இனி விரலுக்கு வருவோம். 'விரல்' பழைய திராவிடச் சொல். கன்னடத்தில் 'பெரளு', மலையாளத்தில் 'விரல்' என வழங்குவது. 'ரேகை' வடமொழி 'ரேகா' என்பதிலிருந்து வந்தது. ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வாராது என்பதால் பழைய நூல்கள் 'இரேகை' என்று எழுதின. செய்தித்தாள்களில் பெருவழக்காக உள்ள சொல் 'கைரேகை'. ஆனால் அது உள்ளங்கைக் கோடுகளையும் குறிக்கும். சோதிடம் பார்ப்பவர் படிப்பதும் கைரேகைதான். திறன்பேசி படிப்பது விரல் நுனியிலுள்ள நுண்ணிய மேடு பள்ளங்களை மட்டுமே என்பதால் 'விரல்ரேகை' என்பதே துல்லியமானது. 'வரி' என்ற தமிழ்ச்சொல்லை வைத்து 'விரல்வரி' என்று சொல்லலாமே என்று கேட்போர் உண்டு. அதில் பிழையில்லை, ஆனால் வரி என்றவுடன் அரசுக்குச் செலுத்தும் வரியே இன்று முதலில் நினைவுக்கு வருவதால், படிப்பவர் ஒருகணம் தடுக்கி நிற்க நேரும்.

விரலை வைத்துத் தன்னை மெய்ப்பிக்கும் வழக்கத்துக்குத் தமிழில் ஏற்கெனவே சொற்கள் இருந்தன என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். எழுதத் தெரியாதவர் ஆவணத்தில் இடும் அடையாளம் 'தற்குறி'. தன் + குறி என்று பிரியும் அச்சொல்லின் நேர்ப்பொருள் 'தனக்குரிய குறி' என்பதே. 'கைநாட்டு' என்பதில் கையை ஓரிடத்தில் ஊன்றிப் பதிக்கும் செயல் தெரிகிறது. காலப்போக்கில் இரண்டும் அடையாளத்தைக் குறிப்பதை விட்டு, எழுத்தறியாத மனிதரையே இகழ்ந்து சுட்டும் சொற்களாகத் தாழ்ந்துபோயின. இன்று நன்கு கற்றவரும் நாளொன்றுக்குப் பலமுறை செய்யும் செயல், உண்மையில் தற்குறி இடுதலே. அச்சொற்களை மீட்டெடுக்க இயலுமா என்பது வேறு. அவற்றை இகழ்ச்சியாக ஆள்வதையேனும் நாம் நிறுத்தலாம்.

ஆவணத்தில் மை செய்ததைத் திறன்பேசியில் உணரி செய்கிறது. 2013இல் ஐபோன் 5எஸ் கொண்டுவந்த 'டச் ஐடி' வழியே பரவலான மின்தேக்க வகை உணரி, தோலின் மேடு தொடும் இடத்துக்கும் பள்ளம் விலகி நிற்கும் இடத்துக்கும் உள்ள மின்னியல் வேறுபாட்டைக் கொண்டு ரேகையை வரைந்துகொள்கிறது. 2018 தொடங்கித் திரைக்கு அடியிலேயே உணரியைப் பொருத்தும் முறை வந்தது. அதில் ஒருவகை, திரையின் ஒளியை விரலில் பாய்ச்சிப் படமெடுக்கும். மற்றொருவகை மீயொலியை அனுப்பி அதன் எதிரொலியால் மேடு பள்ளங்களை அறியும். நடைமுறைத் தொல்லைகள் இந்தச் செயல்முறையிலிருந்தே பிறக்கின்றன. விரல் நனைந்திருந்தால் பள்ளங்களில் நீர் நிரம்பி வேறுபாடு மங்குகிறது. மிகவும் உலர்ந்த தோலில் தொடர்பு சரியாகக் கிட்டுவதில்லை. திரைமேல் ஒட்டும் காப்புத் தகடு தடித்திருந்தால் உணரி திணறுகிறது. கையால் கடுமையாக உழைப்பவர்களுக்கும் முதியவர்களுக்கும் ரேகை தேய்ந்துபோவதால், ஒரே விரலைப் பலமுறை அழுத்தியும் திறவாமல் போவதுண்டு. பிழை அவர்கள் விரலில் இல்லை. தேயாத ரேகையையே எதிர்பார்த்து வடிவமைத்த கருவியில் இருக்கிறது.

முகத்தைப் பற்றிய சொற்களில்தான் பெரிய குழப்பம் உள்ளது. 'ஃபேஸ் ரெகக்னிஷன்' என்பதில் இரண்டாம் சொல் இலத்தீன் வழி வந்தது. 'மீண்டும் அறிதல்' என்பது அதன் வேர்ப்பொருள். தமிழில் இது 'முக அடையாளம் காணல்' என்றாகிறது. ஆனால் இத்தொடர் இரண்டு வெவ்வேறு செயல்களை ஒன்றாக மூடிவிடுகிறது. கூட்டத்தில் ஒரு முகத்தைப் பிடித்து, ஆயிரக்கணக்கான முகங்களின் தொகுப்போடு ஒப்பிட்டு 'இவர் யார்' என்று கண்டுபிடிப்பது ஒரு செயல். அதுவே அடையாளம் காணல், அல்லது இனங்காணல். பதிவாகியுள்ள ஒரு முகத்தோடு எதிரிலுள்ள முகத்தை ஒப்பிட்டு 'உரியவர்தானா' என்று மட்டும் பார்ப்பது மற்றொரு செயல், அது சரிபார்த்தல். திறன்பேசி செய்வது இந்த இரண்டாம் செயலையே. அது உங்கள் பெயரை அறிய முற்படுவதில்லை; ஆம், இல்லை என்ற ஒரு விடையையே தருகிறது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், பொது இடங்களில் முகங்களைக் கண்காணிக்கும் முறைமைக்கும் சொந்தத் திறன்பேசியின் பூட்டுக்கும் வேறுபாடு தெரியாமல் போகும். ஒருவர் தேவையின்றி அஞ்சுவார்; வேறொருவர் அஞ்சவேண்டிய இடத்தில் அஞ்சாமல் இருப்பார். 'முக அங்கீகாரம்' என்பது இதனினும் பொருந்தாது. அங்கீகாரம் ஏற்பளிப்பைக் குறிக்கும் சொல், ஒப்பிடுதலைக் குறிப்பதன்று.

சில திறன்பேசிகளின் தமிழ் இடைமுகத்தில் 'முகம் காட்டித் திறத்தல்' என்ற தொடரைக் காணலாம். எளிமையான, நல்ல தமிழ். 'காட்டி' என்ற வினை, இது நாம் விரும்பிச் செய்யும் செயல் என்று உணர்த்துகிறது. ஆயினும் இரு முறைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அந்த வினையில்தான் இருக்கிறது. விரலை நாம் கொண்டுபோய் வைத்தால்தான் திறக்கும். முகமோ நாம் காட்ட முனையாமலே காட்டப்பட்டுவிடக்கூடியது. நேரம் பார்க்கத் திறன்பேசியை எடுத்தாலே திறந்துவிடும் வசதியும், வேறொருவர் அதை நம் முகத்துக்கு நேரே நீட்டித் திறந்துவிடக்கூடிய இடரும் ஒரே இயல்பின் இரு விளைவுகள். கண்கள் திரையை நோக்குகின்றனவா என்று பார்க்கும் 'கவனச் சோதனை' இதற்காகவே வந்தது. உறங்குபவரின் விரலை எடுத்து உணரியில் வைத்துவிட முடியும் என்பதையும் மறுக்க முடியாது; அந்த வகையில் விரல் முற்றிலும் காப்பானது என்று நான் சொல்லவில்லை.

முகத்தைச் சரிபார்ப்பதிலும் எல்லாக் கருவிகளும் ஒன்றல்ல. 2011இல் ஆண்ட்ராய்டு 4.0 கொண்டுவந்த முகத்திறப்பு, முன்புறக் கேமராவின் தட்டையான படத்தையே நம்பியது. ஒரு புகைப்படத்தைக் காட்டியே அதை ஏமாற்ற முடிந்தது. 2017இல் ஐபோன் 10இல் வந்த 'ஃபேஸ் ஐடி', 30,000க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் வீசி அதன் ஆழத்தை அளக்கிறது. அதனால் இருளிலும் இயங்கும். தட்டையான படத்துக்கு எளிதில் ஏமாறாது. அறிமுகப்படுத்தியபோது ஆப்பிள் நிறுவனம் கூறிய கணக்குப்படி, தொடர்பற்ற ஒருவரின் விரல் டச் ஐடியைத் திறக்கும் வாய்ப்பு 50,000இல் 1. முகம் ஃபேஸ் ஐடியைத் திறக்கும் வாய்ப்பு 10,00,000இல் 1. உருவொத்த இரட்டையர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. கேமராவை மட்டுமே நம்பும் முகத்திறப்பு இன்றும் பல திறன்பேசிகளில் இருப்பதால், ஒரே சொல் வலிய பூட்டையும் மெலிய பூட்டையும் சேர்த்தே குறிக்கிறது. பணம் செலுத்தும் செயலிகள் பல, இவ்வகைத் திறன்பேசிகளில் முகத்தை ஏற்காமல் விரலையே கேட்பதன் காரணம் இதுவே.

அன்றாடப் பயன்பாட்டில் எது எளிது என்பது கையும் முகமும் அந்தக் கணத்தில் எந்நிலையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. கையுறை அணிந்தவருக்கும், நீரில் வேலை செய்பவருக்கும் முகம் எளிது. முகக்கவசம் அணிந்தவருக்கு விரலே உதவியது. கவசத்தோடு முகத்தைச் சரிபார்க்கும் வசதி ஐபோனுக்கு 2022இல்தான் வந்தது. மேசைமேல் கிடக்கும் திறன்பேசியைக் குனியாமல் திறக்க வேண்டுமானால் விரலே போதும். எனக்கு எப்போதும் விரலே விருப்பம். திறப்பது என் முடிவாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே அதற்குக் காரணம்.

இறுதியாக, 'அன்லாக்' என்பதற்குத் 'திறப்பு' போதுமானது. முகம் + திறப்பு 'முகத்திறப்பு' ஆகிறது. துறைமுகம், முகத்துவாரம் ஆகிய சொற்களில் முகம் என்பதே நுழைவாயிலைக் குறிப்பதால், இக்கூட்டுச்சொல் இயல்பாகவே அமைந்துவிடுகிறது. விரல் + திறப்பு என்பது புணர்ச்சி விதிப்படி 'விரற்றிறப்பு' ஆகும். அதைப் படித்துப் பொருள்கொள்ள இன்று பலர் தடுமாறுவர். எனவே 'ரேகைத்திறப்பு' என்பதையே நான் பரிந்துரைப்பேன். விரல் எது என்பதைவிட ரேகையே ஒப்பிடப்படுகிறது என்பதையும் அது சரியாகச் சொல்கிறது. இவ்விரண்டும் தோற்றால், அல்லது திறன்பேசியை அணைத்து மீண்டும் இயக்கினால், கேட்கப்படுவது நாம் முன்பே அமைத்துவைத்த மறை எண்ணாகிய 'கடவெண்'. கட என்னும் வினையிலிருந்து வந்த 'கடவு' வழியைக் குறிப்பது. முகமும் ரேகையும் அன்றாடம் திறக்கும் கதவுகளாக இருந்தாலும், வழி இன்னும் அந்த எண்ணிடமே இருக்கிறது.