கடற்கரை வரைபடத்தில் இரண்டு கோடுகள்

கடலோரத்தில் வீடு கட்டலாமா என்பதற்கு விடை சொல்வது கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம். மாநில அரசு தயாரிக்கும், ஒன்றிய அரசு ஒப்புதல் தரும். இப்போதைய விதி 2019 ஜனவரி 18 அறிவிக்கை.

வரைபடத்தில் முதலில் தேட வேண்டியது உயர் ஓதக் கோடு. ஓதம் என்றால் கடல்நீர் ஏறி இறங்குவது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றத்தில் தண்ணீர் எதுவரை ஏறுமோ, அந்த எல்லை. கிராமப்புறக் கடற்கரையில் இங்கிருந்து 200 மீட்டர் வரை கட்டுமானத் தடை. 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழ்ந்த இடம் என்றால் 50 மீட்டர்தான். ஆனால் மக்களிடம் கருத்துக் கேட்டுத் தயாரித்த புதிய வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைக்கும்வரை அங்கும் பழைய 200 மீட்டரே.

ஓதம் ஏறும் கழி, ஓடைகளின் கரைக்கும் இந்தத் தடை உண்டு: 50 மீட்டர் அல்லது ஓடையின் அகலம், எது குறைவோ அது. ஓடையில் கடலிலிருந்து உள்ளே எதுவரை? கடும் கோடையில் லிட்டருக்கு 5 கிராம் உப்பு எங்கே காட்டுகிறதோ, அதுவரை.

சரி, கடல்மட்டம் உயர்ந்தால்? அதற்குத்தான் இரண்டாவது கோடு, ஆபத்துக் கோடு. ஓதம், அலை, கடல்மட்ட உயர்வு, கரை அரிப்பு எல்லாம் சேர்த்து இந்திய நில அளவைத் துறை வரைந்தது. ஆனால் அது பேரிடர் மேலாண்மைக்கான கருவி மட்டுமே. இரு கோடுகளுக்கு நடுவிலுள்ள நிலத்தைத் திட்டமிடும்போது பருவநிலை மாற்றத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். அந்தக் கோட்டை வைத்துத் தடை கிடையாது. நாளைய வெள்ளத்தைக் காட்டும் கோட்டுக்குப் பல் இல்லை என்பதுதான் என் வருத்தம். அனுமதி இருக்கிறது என்பதற்காக மனை வாங்காதீர்கள், அந்தக் கோடு எங்கே போகிறது என்றும் பாருங்கள்.

எந்த வரைபடத்தைப் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். 1:25,000 அளவில் 50 மீட்டர் என்பது 2 மில்லிமீட்டர். பேனாக் கோட்டிலேயே பாதி போய்விடும். ஏறத்தாழ 1:4,000 அளவிலான, சர்வே எண் போட்ட கிராம வரைபடத்தைக் கேளுங்கள்.

மீனவ ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. குடியிருப்பு, மீன் காயப்போடும் இடம், ஐஸ் பிளான்ட், பொது நிலம் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்பது விதி. படகு ஏற்றும் மணல் வெறும் புறம்போக்காக விடுபட்டிருந்தால், வரைவு வந்ததும் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் சர்வே எண்ணோடு எழுத்தில் கொடுங்கள். முத்திரை குத்திய நகலை வாங்காமல் கிளம்ப வேண்டாம்.