பெருங்குடி குப்பை மேடு ஏன் எரிந்தது?

2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடி குப்பைக் கிடங்கு தீப்பிடித்துச் சில நாட்கள் புகைந்தது. தீயணைப்பு வண்டிகள் தண்ணீர் அடித்தும் எளிதில் அடங்கவில்லை. எரிபொருள் மேட்டின் உள்ளேயே தயாராகிக்கொண்டிருந்ததுதான் காரணம்.

குப்பை என்றால் எல்லோரும் பிளாஸ்டிக்கைத் திட்டுகிறோம். கிடங்கைப் பொறுத்தவரை முதல் குற்றவாளி மீந்துபோன சோறும் காய்கறித் தோலும்தான். நம் ஊர்க் குப்பையில் ஏறக்குறைய பாதி இந்த ஈரக் குப்பை. காற்றோட்டமாகக் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதைத் தின்று எருவாக்கிவிடும். லாரி லாரியாக ஒன்றின்மேல் ஒன்று கொட்டி அமுக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்ஸிஜன் சீக்கிரம் தீர்ந்துபோகும். அப்புறம் ஆக்ஸிஜன் தேவைப்படாத நுண்ணுயிரிகளின் ராஜ்ஜியம். ஒரு கூட்டம் மாவுச்சத்தையும் நாரையும் உடைத்து அமிலமாக்கும். அடுத்த கூட்டம் அதிலிருந்து மீத்தேனை உண்டாக்கும். சாண எரிவாயுக் கலனில் நடப்பதும் இதே வேலைதான். அங்கே வாயுவைக் குழாயில் பிடித்து அடுப்பெரிக்கிறோம், இங்கே அது வெடிப்புகள் வழியாகக் கசிகிறது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்திருந்தால் ஒரு பொறி போதும். பிடித்த தீ பரவ, பக்கத்திலேயே பிளாஸ்டிக்கும் துணியும் இருக்கின்றன.

மழை பெய்தால் வேறு தொல்லை. அழுகும் குப்பைக்குள் இறங்கும் நீர் அமிலங்களையும் உலோகங்களையும் கரைத்துக்கொண்டு கறுப்பாக வெளியே வரும். பெருங்குடி கிடங்கு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டியது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் அதே 2022இல் சேர்ந்த சதுப்பு நிலம் அது.

2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. மக்கள் பெருகினார்கள், ஆனால் பெரிய கிடங்குகள் பெருங்குடி, கொடுங்கையூர் என்று அதே இரண்டுதான்.

இப்போது பழைய மேடுகளை பயோமைனிங் முறையில் கரைக்கிறார்கள். குப்பையைத் தோண்டிப் புரட்டி உலர்த்தி, சுழலும் பெரிய சல்லடைகளில் சலிக்கிறார்கள். பிளாஸ்டிக், துணி எல்லாம் சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போகும். கற்கள் பள்ளங்களை நிரப்பப் போகும். அடியில் விழும் மண்ணில் கண்ணாடித் தூளும் உலோகங்களும் இருக்கலாம் என்பதால், அதைச் சோதிக்காமல் வயலில் போடுவது சரியில்லை.

புதிய குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கலாமே என்கிறார்கள். கொடுங்கையூருக்கு அப்படியொரு திட்டமும் உண்டு. ஆனால் கலந்த குப்பை உலைக்குப் போனால் சோறும் கீரையும் அங்கேயும் தொந்தரவுதான். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டுமே சுமார் 540 கிலோகலோரி செலவாகும். கீரை, தக்காளிக் கழிவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்.