மரப்பட்டையில் ஒட்டியிருக்கும் அந்தச் சாம்பல் வட்டங்கள்

தோட்டத்து மரத்தின் தண்டில் சாம்பலும் வெளிர்பச்சையுமாகத் தேமல் போல ஏதோ படர்ந்திருக்கும். மரத்துக்கு நோய் வந்துவிட்டது என்று பதறி அதைக் கத்தியால் சுரண்டுகிறவர்கள் உண்டு, மருந்து அடிக்கிறவர்களும் உண்டு. இரண்டுமே வேண்டாம். அது லைக்கன். மரத்தின் சாற்றில் ஒரு சொட்டைக்கூட அது தொடுவதில்லை. ஒட்டிக்கொள்ள ஓர் இடம் வேண்டும், அதற்குத்தான் பட்டை. இதே கூட்டத்தைச் சேர்ந்த லைக்கன்கள் பாறையிலும் பழைய ஓட்டிலும் துருவேறிய இரும்பிலும்கூட வளர்கின்றன. உறிஞ்சுவதற்கு அங்கே என்ன இருக்கிறது?

பிறகு எதைத் தின்று வாழ்கிறது? லைக்கன் ஒற்றை உயிர் இல்லை; ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து அமைத்துக்கொண்ட உடல். சிலவற்றில் பாசியின் இடத்தில் நீலப்பச்சைப் பாக்டீரியா இருக்கும். 1860களில் சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் இதை முதலில் விளக்கியபோது, லைக்கன் ஆய்வில் பெரும்பெயர் பெற்றவர்களே ஒப்புக்கொள்ளவில்லை. இன்று பள்ளிப் பாடத்திலேயே அது இருக்கிறது. உடலின் பெரும்பகுதி பூஞ்சைதான். அதன் இழைகள் மேலே நெருக்கமாகப் பின்னி ஒரு தோலாகின்றன. அந்தத் தோலுக்குச் சற்றுக் கீழே, வெளிச்சம் போதுமான அளவு எட்டும் ஆழத்தில், பாசிச் செல்கள் மெல்லிய அடுக்காக இருக்கும். அதற்கும் கீழே பஞ்சு போலத் தளர்வான இழைகள். பாசி ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரை தயாரிக்கிறது. அதில் பெரும்பங்கு பூஞ்சைக்குப் போய்விடுகிறது. பூஞ்சை அதற்கு இருப்பிடமும் கடும் வெயிலிலிருந்து காப்பும் தருகிறது. தாதுச் சத்துகள் மழையிலும் காற்றுத் தூசியிலும் வந்து சேர்கின்றன.

இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். காய்ந்து வெளிறிக் கிடக்கும் ஒரு வட்டத்தின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். லென்ஸ் வழியே பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பல் மங்கிப் பச்சை ஏறும். புதிதாக எதுவும் முளைக்கவில்லை. காய்ந்திருந்தபோது ஒளியைச் சிதறடித்துக்கொண்டிருந்த மேல்தோல் நனைந்ததும் ஊடுதெரிகிறது, அடியிலிருந்த பாசி அடுக்கின் நிறம் வெளியே வருகிறது. சில நிமிடங்களில் ஒளிச்சேர்க்கையும் தொடங்கிவிடுகிறது. என்னைப் பொறுத்தவரை ஒரு தோட்டத்தில் காணக்கூடிய மிக அழகான உயிரியல் பாடம் இதுதான்.

செடிகளின் இலைமேல் நீர் வெளியேறாமல் தடுக்கும் மெழுகுப் படலம் உண்டு, மண்ணுக்குள் வேர் உண்டு. லைக்கனுக்கு இரண்டும் கிடையாது. காற்று காய்ந்தால் அதுவும் காய்ந்துபோகும், நனைந்தால் நனையும். காய்ந்த நிலையில் உயிர்ச்செயல்கள் ஏறக்குறைய நின்றுவிடுகின்றன, ஆனால் சாவதில்லை. இரவுப் பனியில் நனைந்து, காலை வெயில் ஏறிக் காயும்வரை கிடைக்கும் சொற்ப நேரம்தான் பல லைக்கன்களுக்கு வேலை நேரம். பச்சைப்பாசி கொண்டவை காற்றின் ஈரப்பதத்திலேயே விழித்துக்கொள்ளும். நீலப்பச்சைப் பாக்டீரியா கொண்டவற்றுக்கு நீர்த்துளியே வேண்டும். இந்த உறக்கம் எவ்வளவு உறுதியானது என்பதற்கு ஒரு சான்று: 2005இல் ஐரோப்பிய விண்வெளி முகமை இரண்டு வகை லைக்கன்களைச் சுமார் இரண்டு வாரம் விண்வெளியின் வெற்றிடத்திலும் கதிர்வீச்சிலும் வைத்திருந்தது. பூமிக்குத் திரும்பிய பிறகு அவை மறுபடி ஒளிச்சேர்க்கை செய்தன.

வேலை நேரம் சொற்பம் என்பதால் வளர்ச்சியும் மெதுவு. இலை வடிவ லைக்கன்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் விரியும். பாறையோடு பாறையாக ஒட்டிக்கிடக்கும் ஓடு வகைகளில் பல ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. அந்தக் கணக்கில் பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வயதிருக்கும். கத்தி அதை அரை நிமிடத்தில் அழித்துவிடும்.

பட்டுப்போகும் கிளையில் லைக்கன் அதிகம் தெரிவதால்தான் பழி அதன்மேல் விழுகிறது. நடப்பது நேர்மாறு. கிளை நலிந்து இலை உதிர்ந்ததும் வெளிச்சம் கூடுகிறது, பட்டையும் வளராமல் ஒரே நிலையில் நிற்கிறது, லைக்கன் செழிக்கிறது. மரம் ஏன் நலிகிறது என்பதை வேரிலும் மண்ணிலும் தேடுங்கள்.

தோட்டத்துக்கு இதனால் என்ன பயன்? அந்தச் சாம்பல் மடிப்புகளுக்குள் ஒரு குட்டிக் காடே இருக்கிறது. சிற்றுண்ணிகள், துள்ளுவால் பூச்சிகள், லைக்கன் காயும்போது தாமும் காய்ந்து உறங்கும் நீர்க்கரடிகள் என்ற நுண்ணிய விலங்குகள். லைக்கனை மட்டுமே மேயும் அந்துப்பூச்சிப் புழுக்கள் உண்டு. ஹம்மிங்பறவையும் மின்சிட்டும் கூட்டின் வெளிப்புறத்தில் லைக்கன் துணுக்குகளைச் சிலந்தி வலையால் ஒட்டிவைக்கின்றன. கூடு கிளையின் முடிச்சு போலத் தெரிந்து எதிரியின் கண்ணுக்குத் தப்புகிறது. நாஸ்டாக் என்ற நீலப்பச்சைப் பாக்டீரியா குடியிருக்கும் லைக்கன்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துவைக்கின்றன. அவை உதிர்ந்து மட்கும்போது அது மண்ணுக்குப் போகிறது.

காற்றின் தரத்தையும் அவை காட்டுகின்றன. மெழுகுப் படலம் இல்லாததால் காற்றில் வரும் நஞ்சும் தடையின்றி உள்ளே போகிறது. 1866இல் பின்லாந்துத் தாவரவியலாளர் வில்லியம் நைலாண்டர் பாரிஸின் லக்சம்பர்க் தோட்டத்தில், நகரின் மற்ற இடங்களில் இல்லாத லைக்கன்கள் இருப்பதைக் கண்டு, காற்றின் தூய்மைக்கு அவை அளவுகோலாகும் என்று எழுதினார். (ஷ்வெண்டனரை ஏற்க மறுத்தவர்களில் முன்னணியில் நின்றவரும் இவர்தான்.) கந்தக டை ஆக்சைடு மிகுந்தால் புதர் வடிவ லைக்கன்கள்தான் பெரும்பாலும் முதலில் மறையும். சாந்தோரியா என்ற மஞ்சள் லைக்கன் மட்டும் திடீரென்று பெருகினால் காற்றிலோ தூசியிலோ நைட்ரஜன் சேர்மங்கள் கூடியிருக்கலாம்.

லைக்கனை வாங்கி நட முடியாது. காட்டிலிருந்து பெயர்த்துவந்து ஒட்டுவதும் தவறு, பெரும்பாலும் அது பிழைப்பதும் இல்லை. உங்கள் பகுதிக்கே உரியவை தாமாகவே வரும். லென்ஸில் மாவு போலத் தெரியும் துகள்கள் ஒவ்வொன்றிலும் சில பாசிச் செல்களும் அவற்றைச் சுற்றிய பூஞ்சை இழையும் இருக்கும். காற்றும் மழைத்துளியும் எறும்பின் காலும் அவற்றைக் கொண்டுவந்து சேர்க்கும். நாம் செய்யவேண்டியது கொஞ்சம்தான். தாமிரம் கலந்த பூஞ்சைக்கொல்லி தண்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இலைவழி உரத்தை மரத்தண்டில் தெளிக்காதீர்கள். பழைய கற்களை அழுத்த நீரால் கழுவாதீர்கள். லைக்கன் படர்ந்த கல்லை இடம் மாற்ற நேர்ந்தால், வெளிச்சம் பட்டுக்கொண்டிருந்த பக்கம் புதிய இடத்திலும் அதே திசையைப் பார்க்கும்படி வையுங்கள்.