"பேரும் கொஞ்சம் பணமும் மட்டும்தானே சார் கொடுத்தேன்?"

இந்த சீசனில் இப்படிக் கடனில் மாட்டி என்னிடம் வந்தவர்களில் இவன் மூன்றாவது ஆள். முட்டியில் பட்டையோடு படியேறி வந்த தம்பிக்கு வயது 27. நவம்பர் முதல் மே வரை மலப்புறம், பாலக்காடு என்று செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து, ஆடிச் சம்பாதிப்பவன். கையில் பாங்க் நோட்டீஸ்.

ஊர்க்காரர் இரண்டு பேர் வாடகைக்கு விடும் செயற்கைப் புல் மைதானம் (டர்ஃப்) போட்டபோது இவனையும் பார்ட்னராகச் சேர்த்திருக்கிறார்கள். போர்டில் இவன் படம்தான் பெரிதாக இருக்கிறது. மழைக்காலத்தில் புக்கிங் விழுந்தது, பாங்க் கடன் தவணை நின்றது, ஒருவர் துபாய் போய்விட்டார்.

"நான் பணம் போட்டதோட சரி, தொழிலைப் பார்க்காத ஸ்லீப்பிங் பார்ட்னர்தானே சார்? போனா நான் போட்ட ரெண்டு லட்சம்தானே போகும்?"

இல்லை தம்பி. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. 1932ஆம் வருடத்துப் பார்ட்னர்ஷிப் சட்டத்தில், 25ஆம் பிரிவைப் பாருங்கள். நீங்கள் பார்ட்னராக இருந்த காலத்தில் ஃபர்ம், அதாவது உங்கள் கூட்டுத் தொழில், வாங்கிய கடனுக்கு ஒவ்வொருவரும் சேர்ந்தும் பொறுப்பு, தனியாகவும் பொறுப்பு. தூங்கினாலும் விழித்திருந்தாலும் ஒன்றுதான். பத்திரத்தில் '20 சதவீதம்' என்று எழுதியது உங்களுக்குள் பிரித்துக்கொள்ள. பாங்குக்கு அந்தக் கணக்கு கிடையாது, முழுக் கடனையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம். கட்டிவிட்டு மற்றவர் பங்கை நீங்கள்தான் துபாய் வரை துரத்த வேண்டும். இன்னொன்று: பத்திரத்தில் பேரே இல்லாவிட்டாலும், தெரிந்தே உங்களைப் பார்ட்னர் என்று சொல்லவிட்டால், அதை நம்பிக் கடன் கொடுத்தவருக்கும் 28ஆம் பிரிவுப்படி நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

போனில் ஒரு ஃபார்வர்டைக் காட்டினான். இங்கிலாந்தின் ஆர்சனல் கால்பந்து அணியில் ஆடிய ஃப்ளாமினிதான் உலகத்திலேயே பணக்கார ஆட்டக்காரராம். அதில் போட்டிருந்த தொகை அவர் இறங்கிய தொழிலின் சந்தை மதிப்பு, அவர் சொத்து அல்ல. 2008இல் அவர் இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கிய ரசாயனத் தொழில் ஒரு கம்பெனி, உங்களுடையது போலப் பார்ட்னர்ஷிப் அல்ல. ஆராய்ச்சிக்கே வருஷக்கணக்கில் காத்திருந்தார். தூரத்து ஆள் எதற்கு? திருச்சூர் மைதானத்தில் சோடா விற்று, பிறகு இந்திய அணிக்கு ஆடிய நம் ஐ.எம். விஜயன் கிளப் ஆட்டத்துக்காகப் போலீஸ் வேலையை விட்டாலும், சினிமாவில் நடித்தும், பிறகு அதற்கே திரும்பினார், 2025இல்தான் ஓய்வு பெற்றார்.

தொழில் தொடங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. முட்டி போனால் ஆட்டம் போச்சு, வேறு வருமானம் வேண்டும்தான். ஆனால் பொறுப்பு போட்ட பணத்தோடு நிற்கும் எல்.எல்.பி.யாகவோ பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகவோ பதியுங்கள். அதிலும் பாங்க் தனிப்பட்ட ஜாமீன் கேட்கும், அதில் கையெழுத்துப் போட்டால் பழைய கதைதான். வெற்றுச் செக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். விலகினால் வாயால் சொன்னது போதாது: பதிவான ஃபர்ம் என்றால் ரிஜிஸ்ட்ராருக்கு நோட்டீஸ், அரசு கெசட், உள்ளூர் மொழிப் பத்திரிகை மூன்றும் வேண்டும்.

அவன் பத்திரத்தைப் புரட்டினேன். பதினோரு பக்கமும் மலையாளம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தமிழில் அழகாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். தமிழ்நாட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியத்தில் படித்த பையன்.

"வாசிச்சியாப்பா?"

தலையைக் குனிந்துகொண்டான்.

பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில் பந்து ஆடுகிற பிள்ளைகளே, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள். தமிழில் வாசித்துச் சொல்ல நான் காசு வாங்குவதில்லை.