பிறந்தநாள் கேக்கில் எத்தனை பல்குச்சிகள்?

கேக் வெட்டி முடிந்த கையோடு, மூன்று வயதுக் குழந்தை ஒன்று மேலே இருந்த ரோஜாவைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டது. சர்க்கரைப் பசையில் இதழ் இதழாக நானே செய்த ரோஜா. இரண்டு கடி கடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, வாயிலிருந்து எதையோ உருவி எடுத்தது. பச்சை நாடா சுற்றிய மெல்லிய கம்பி. நல்ல வேளை, கீறல் கூட இல்லை. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "பூவுக்குள்ள கம்பி இருக்கும்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

நான் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். சொல்லவில்லை. கேக்கை மேசையில் வைத்து, நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பி வந்திருந்தேன்.

அதற்குப் பிறகு என் வகுப்புகளின் முதல் ஒரு மணி நேரம் மாறிவிட்டது. கற்றுக்கொள்ள வருபவர்கள் கோட்டை கட்டவும் டைனோசர் செய்யவும் ஆசையாக வருகிறார்கள். நான் அவர்களை உட்கார வைத்து டப்பாக்களில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படிக்கச் சொல்கிறேன். கொட்டாவி விடுவார்கள், விடட்டும். தட்டில் வைத்துக் கொடுக்கும் எதையும் குழந்தை தின்பண்டமாகத்தான் பார்க்கும். அழகுக்கு வைத்தது, வாய்க்கு வைத்தது என்ற பிரிவினை பெரியவர்களின் மண்டையில் மட்டும் இருக்கிறது.

முதலில் மினுமினுப்பு. லஸ்டர் டஸ்ட், பெட்டல் டஸ்ட், கிளிட்டர் என்று விரல் நீளக் குப்பிகளில் வரும் பொடிகள். யூனிகார்ன் கொம்புக்குத் தங்கம், கடற்கன்னி வாலுக்கு முத்து நிறம், ராக்கெட்டுக்கு வெள்ளி. இவற்றில் சில உணவுப் பொருட்கள். சில பெயின்ட் வகையறா. இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே மாதிரிக் குப்பியில் இருக்கும். கண்ணால் பார்த்துப் பிரிக்க என்னாலும் முடியாது, இத்தனை வருட அனுபவத்துக்குப் பிறகும்.

லேபிளில் 'நான் டாக்சிக்' என்று போட்டிருந்தால் பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். நஞ்சில்லை என்றால் தின்னலாம் என்றுதானே பொருள்? இல்லை. பள்ளிப் பிள்ளைகளின் க்ரேயானிலும் பசையிலும் கூட அந்தச் சொல் இருக்கிறது. தெரியாமல் நக்கிவிட்டால் பயப்படாதே என்று சொல்வது வேறு, சாப்பிடு என்று சொல்வது வேறு. 'அலங்காரத்துக்கு மட்டும்' என்ற வரி இருந்தால் இன்னும் தெளிவு: அது வாய்க்குப் போகக் கூடாது. உண்ணத் தகுந்த பொடியாக இருந்தால் எல்லா உணவுப் பொட்டலத்தையும் போல அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் இருக்கும்: சர்க்கரை, அகேசியா பிசின், மால்டோடெக்ஸ்ட்ரின், சோள மாவு, மைக்கா என்ற கனிமம் சார்ந்த நிறமி, அனுமதிக்கப்பட்ட உணவு நிறங்கள். பட்டியல் இல்லாத குப்பி என் சமையலறைக்குள் வராது. பெரிய டப்பாவிலிருந்து பிரித்து, லேபிளே இல்லாத சின்னக் குப்பிகளில் அடைத்து விற்பதும் நடக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

இதை நான் பெரிதுபடுத்துவதாக நினைப்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்வேன். 2018-இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு பிறந்தநாள் விழாவில் கேக் சாப்பிட்ட ஆறு குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது. எல்லாருக்கும் வயது ஒன்றிலிருந்து பதினொன்றுக்குள். கேக்கின் மேல் ரோஸ் கோல்டு நிறப் பொடி கனமாகப் பூசப்பட்டிருந்தது. ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தபோது பூச்சில் தாமிரம் மிக அதிக அளவில் இருந்தது. அது கடையில் செய்த கேக். அடுத்த ஆண்டு மிசௌரியில் நடந்தது இன்னும் மனதை உறுத்தும், ஏனென்றால் அது வீட்டில், ஒரு வயதுக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கென்று செய்த கேக். பூவுக்கு மஞ்சள் நிறம் கொடுக்கப் பூசிய பொடியில் ஈயம் இருந்தது. குழந்தையின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 12 மைக்ரோகிராம் ஈயம். 3.5 என்ற அளவைத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் இப்போது வரையறுத்திருக்கிறது. இரண்டு சம்பவங்களையும் அதே மையம் 2021-இல் அறிக்கையாக வெளியிட்டது. அந்த வீட்டில் அந்தப் பொடியை எவ்வளவு ஆசையாகத் தேடி வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

அந்தத் தங்க நிறம் இல்லாமல் முடியாது என்கிற தீம் வரத்தான் செய்யும். அப்போது அதைக் கேக்கில் பூசாமல், கேக்கின் மேல் தனியாகச் செருகி நிற்கும் அட்டை அலங்காரமான டாப்பரில் பூசுங்கள். பொடி உதிரவே கூடாது. வெட்டும் முன் எடுத்துவிட வேண்டும்.

அடுத்து குச்சி. ஃபாண்டன்ட் என்ற சர்க்கரைப் பசையில் பொம்மை செய்பவர்கள் தலையையும் உடம்பையும் இணைக்கப் பல்குச்சியைத்தான் முதலில் எடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் பழகினேன். குழந்தைக்குப் பிடித்தது எப்போதும் பொம்மையின் தலை. அதைத்தான் முதலில் கடிக்கும். பல்குச்சிக்குப் பதில் வேக வைக்காத ஸ்பகெட்டியை ஒடித்துச் செருகுங்கள். கடித்தால் நொறுங்கும், விழுங்கினாலும் மாவுதான். ஒரு விரல் உயரப் பொம்மையை அது தாராளமாகத் தாங்கும். ஈரத்தில் ஊறினால் இளகிவிடும் என்பது உண்மை. அதனால் பொம்மையை முன்கூட்டியே செய்து காய வைத்து, கேக்கின் மேல் கடைசியில் ஏற்றுவேன். கனமான உருவமாக இருந்தால் ஸ்பகெட்டியை நம்பாதீர்கள். ஒரு வட்டத் தட்டின் மேல் உருவத்தை நிறுத்தி, தட்டோடு சேர்த்துத் தூக்கிவிடும்படி அமையுங்கள். அப்போது உள்ளே இருக்கும் குச்சி கேக்கோடு தட்டுக்குப் போகாது. இரண்டு மூன்று அடுக்குக் கேக் என்றால் உள்ளே தாங்குகட்டைகள் இருக்கும். வெட்டப்போகிறவரிடம் அவை எங்கே, எத்தனை என்று சொல்லாமல் வருவது என் கணக்கில் தவறு.

கம்பி வைத்த சர்க்கரைப் பூக்களை நான் இன்னும் செய்கிறேன், கம்பி இல்லாமல் சில இதழ்கள் நிற்காது. ஆனால் கம்பியை நேராகக் கேக்கில் குத்துவதில்லை. அதற்கென்று விற்கும் சிறு பிளாஸ்டிக் குழல், அது கிடைக்காவிட்டால் தடித்த ஸ்ட்ரா ஒன்றைக் கேக்கில் இறக்கி, அதற்குள் கம்பி நிற்கும். எடுக்கும்போது குழலோடு வந்துவிடும்.

நிஜப் பூ வைப்பது இப்போது பரவலாகிவிட்டது. படத்தில் அள்ளும். அரளி, டாஃபடில், லில்லி ஆஃப் தி வேலி, ஹைட்ராஞ்சியா எல்லாம் நச்சுத் தன்மை உள்ளவை; கேக்கின் பக்கமே வரக் கூடாது. ரோஜாவில் நஞ்சில்லை என்றாலும் பூக்கடை ரோஜா சமையலுக்கென்று வளர்த்ததல்ல, பூச்சிமருந்து அடித்து வந்திருக்கும். உணவுக்கென்று வளர்த்த பூ கிடைத்தால் வையுங்கள். இல்லையென்றால் பட்டர் க்ரீமில் பூ பிழியக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் இருபது பூ முட்டைக்கோஸ் மாதிரிதான் வரும்.

தீம் கேக் என்றதும் வீட்டிலிருக்கும் பொம்மைக் காரைத் தூக்கி மேலே வைப்பவர்கள் உண்டு. தப்பில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு, சக்கரத்துக்கும் க்ரீமுக்கும் நடுவே ஒரு துண்டு உணவுத் தாள் வையுங்கள். பெயின்ட் உதிர்ந்தால் வேண்டாம்.

ஆனால் விளக்கு எரியும் டாப்பர்? அது எந்தக் கேக்கிலும் வேண்டாம் என்பது என் முடிவு. அதன் உள்ளே பட்டன் பேட்டரி இருக்கிறது. பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டுப் பூட்டியதாக இல்லாமல் நகத்தால் திறக்கிற மாதிரி இருந்தால் விழுந்து உருண்டுவிடும். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே கடுமையாகப் புண்ணாகலாம். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், தானாக வெளியே வந்துவிடும் என்று காத்திருக்காமல், நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு நிமிட வெளிச்சத்துக்காக இந்தத் தலைவலி எதற்கு?

புகைப்படக் கேக்கைப் பற்றி ஒரே வரி: உணவு மையில் அச்சிடும் பிரிண்டர் அந்த வேலைக்கு மட்டும்தான் இருக்க வேண்டும், அலுவலக மை ஓடிய பிரிண்டரில் கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றிப் போட்டால் பழைய மை குழாயிலேயே இருக்கும்.

நிறத்துக்கு வருகிறேன். அடர் கறுப்பு, அடர் சிவப்பு, கடல் நீலம் மூன்றும் வீட்டில் செய்பவர்களைப் படுத்தும். வெள்ளை க்ரீமில் நிறத்தை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். கறுப்பு வராது, சாம்பல்தான் வரும், கடைசியில் கசக்கும். கறுப்பு வேண்டுமா, கோகோ சேர்த்த பழுப்பு க்ரீமிலிருந்து தொடங்குங்கள். நினைத்ததில் பாதி அடர்த்தி வந்ததும் நிறுத்தி, மூடி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் தானாகவே கூடியிருக்கும். நிறத்தில் மிச்சம் பிடிப்பதற்கு வேறு காரணமும் உண்டு. 2007-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் செய்த ஆய்வுக்குப் பிறகு, ஆறு செயற்கை நிறங்களில் எது சேர்ந்தாலும் குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை லேபிளில் போட வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் கட்டாயமாக்கியது. நாம் பழகிய டார்ட்ரசின் மஞ்சள் அந்த ஆறில் ஒன்று. வெள்ளை ஃபாண்டன்ட்டைப் பளிச்சென்று காட்டிய டைட்டானியம் டை ஆக்சைடை அங்கே 2022-இல் உணவிலிருந்தே விலக்கிவிட்டார்கள். நான் நிறமே போடாதவள் அல்ல. கேக் முழுக்க ஐவரி நிறத்தில் விட்டு, அடர் நிறத்தைச் சின்ன இடங்களில் மட்டும் வைத்தால் பார்க்கவும் கௌரவமாக இருக்கிறது. இன்னொன்று, நீலமோ கறுப்போ அதிகம் போட்ட கேக்கைக் கொடுத்தால் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மறுநாள் குழந்தை பச்சை நிறத்தில் மலம் கழித்துவிட்டு வரும், காலை ஆறு மணிக்கு உங்களுக்கு போன் வரும். எனக்கு வந்திருக்கிறது.

அலங்காரத்துக்கு ஆசைப்படும்போது எல்லாரும் மறப்பது நேரத்தை. ஐந்து மணி விழா ஏழு மணிக்குத் தொடங்கும். கேக் நாலரைக்கே மேசைக்கு வந்திருக்கும், படம் எடுக்க வேண்டுமே. 5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரை கிருமிகள் பெருகச் சௌகரியமான வெப்பநிலை. பாலாடை, க்ரீம் சீஸ், கஸ்டர்ட், வெட்டிய பழம் உள்ள கேக்கைக் குளிர்பதனப் பெட்டிக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். அலங்கரிக்கும்போது வெளியே இருந்த நேரமும் அந்தக் கணக்கில் சேரும். நீண்ட நேரம் வெளியே நிற்கப் போகிற கேக் என்றால் வடிவத்தை யோசிக்கும் முன் க்ரீமை யோசியுங்கள். சர்க்கரை மிகுந்த பட்டர் க்ரீம், சாக்லேட்டும் க்ரீமும் கலந்த கனாஷ் இரண்டும் ஓரளவு தாங்கும். காய்ந்ததும் கெட்டியாகிற ராயல் ஐசிங் பூச்சுக்குப் பச்சை முட்டை வெள்ளையை அடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், உலர்ந்த முட்டை வெள்ளையில் செய்த மெரிங் பவுடரில் அதே கெட்டி வரும். கேக் மிக்ஸை வேக வைக்காமல் அப்படியே தூவி 'கேக் சுவை' கொண்டுவரும் வேலையும் வேண்டாம். மாவும் பச்சைப் பொருள்தான், அதில் ஈகோலை கிருமி வந்து நோய் பரவிய வரலாறு இருக்கிறது.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கேக் செய்தால் தேன் ஒரு துளி கூடக் கூடாது, பாட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோய் வரும் அபாயம் உண்டு. சர்க்கரைக்குப் பதிலாகத் தேன் என்று பெருமையாகச் செய்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். நான்கு வயதுக்குக் கீழே முழுப் பருப்பு, மார்ஷ்மெல்லோ, கல் மாதிரியான வெள்ளி நிறச் சர்க்கரை மணிகள் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். விருந்தினர் யாருக்காவது பருப்பு ஒவ்வாமை உண்டா என்று கேட்க, தீம் என்ன என்று கேட்கும்போதே ஒரு நொடி போதும். மார்சிபான் என்ற இனிப்புப் பசை பாதாமில் செய்தது என்று எல்லாருக்கும் தெரியாது.

மெழுகுவத்தி ஊதுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். 2017-இல் அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தினர் ஐசிங் மேல் ஊத வைத்துப் பார்த்ததில் பாக்டீரியா எண்ணிக்கை சராசரியாக 1400 சதவீதம் கூடியது. எண் பயமுறுத்துகிறது, எனக்குத் தூக்கம் கெடவில்லை. ஊதுகிற பிள்ளைக்குச் சளி இருந்தால் ஒரு கப் கேக்கில் மெழுகுவத்தியை ஏற்றி ஊதச் சொல்லுங்கள், அந்தக் கப் கேக்கை அதுவே சாப்பிட்டுக்கொள்ளட்டும்.

கம்பி விஷயத்துக்குப் பிறகு நான் ஒவ்வொரு கேக் பெட்டியின் மூடியிலும் கையால் ஒரு சீட்டு எழுதி ஒட்டுகிறேன். தின்னக் கூடாதவை எத்தனை, எங்கே என்று. 'கோபுரத்தில் குச்சி 4, கொடி 3, பூக்குழல் 2, மொத்தம் 9.' வெட்டும் முன் எடுத்து எண்ணிவிடுங்கள் என்றும் கீழே எழுதுவேன். போன மாதம் ஒரு கோட்டைக் கேக் கொடுத்தேன். இரவு எட்டரைக்கு அழைப்பு. "எட்டுதாங்க இருக்கு, ஒண்ணு காணோம். வெட்டாம வச்சிருக்கோம்." பின்னால் குழந்தைகளின் கூச்சல் கேட்டது. எனக்குக் கை சில்லிட்டது. என் வேலை மேசையைப் போய்ப் பார்த்தேன். சீட்டு எழுதிய பிறகு இடது கோபுரம் சாய்கிறது என்று அதைக் கழற்றி வேறு மாதிரி நிறுத்தியிருந்தேன். ஒன்பதாவது குச்சி க்ரீம் பிழியும் நாசில் டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. இப்போது பெட்டியை மூடுவதற்கு முன்னால்தான் சீட்டு எழுதுகிறேன்.