மொட்டை மாடி ஒழுகினால் முதலில் பக்கெட்டை எண்ணுங்கள்

"சார், படுக்கையறையில ஃபேன் கொக்கி வழியா சொட்டுது. மாடி முழுக்க வாட்டர்ப்ரூஃபிங் பண்ணி ரெண்டு வருஷம்கூட ஆகலை."

சங்கச் செயலாளர்கள் என்னைக் கூப்பிடும்போது பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். அடுத்து வரப்போவதும் எனக்கு மனப்பாடம்: "காண்ட்ராக்டர் ஃபோனையே எடுக்க மாட்டேங்கிறார்." நீர்க்கசிவைப் பரிசோதித்து அறிக்கை எழுதுவது என் தொழில். சில சமயம் குடியிருப்போர் சங்கம் கூப்பிடும், சில சமயம் காண்ட்ராக்டரே கூப்பிடுவார். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். இந்தத் தகராறில் யார் பக்கம் பேச்சு எடுபடும் என்பது, வேலை நடந்த அந்தப் பத்துப் பதினைந்து நாளில் யார் எதைக் குறித்து வைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலும் யாரும் எதையும் குறித்து வைத்திருப்பதில்லை.

ஒரு குடியிருப்பில் நடந்ததை, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். மாடியின் பரப்பு 1,000 சதுர மீட்டர். பழைய பூச்சு உரிந்துபோனதால் சங்கம் மூன்று கொட்டேஷன் வாங்கி, விலை குறைந்ததை எடுத்தது. குறைந்ததை எடுத்ததைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். மூன்றும் ஒரே வேலைக்குக் கொடுத்த விலைதானா என்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, அதுதான் தப்பு. பாலியூரித்தேன் பூச்சு, மூன்று கோட், காய்ந்த பிறகு 0.9 மில்லிமீட்டர் கனம், 10 வருட உத்தரவாதம் என்று ஒப்பந்தம். வேலை முடிந்த அன்றே பாக்கிப் பணம் முழுவதையும் கொடுத்துவிட்டார்கள். 'வேலை முழுத் திருப்தியுடன் முடிந்தது' என்று அச்சடித்து வந்த தாளில் செயலாளர் கையெழுத்தும் போட்டார். முதல் மழைக்காலம் தாங்கியது. இரண்டாவதில் மேல்மாடியில் மூன்று வீடுகளில் சொட்ட ஆரம்பித்தது.

நான் போனபோது சங்க அறையில் இருபது பேர் இருந்தார்கள். எல்லோர் ஃபோனிலும் சொட்டுகிற படம், பூஞ்சை பிடித்த கூரை, நனைந்த மெத்தை. "வேலை நடக்கும்போது எடுத்த படம் இருக்கா?" என்று கேட்டேன். ஒன்று கிடைத்தது. வேலை முடிந்த அன்று பளிச்சென்ற வெள்ளைத் தரையில் எல்லோரும் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட குரூப் ஃபோட்டோ.

காண்ட்ராக்டர் ஒரு கடிதத்தில் பதில் சொல்லியிருந்தார். குடியிருப்பவர்கள் ஏசி ஸ்டாண்டுக்காகப் பூச்சைத் துளைத்திருக்கிறார்கள், மாடியில் தண்ணீர் தேங்குகிறது, ஆகவே உத்தரவாதம் செல்லாது. கடிதத்தைப் படித்ததும் கூட்டத்தில் சத்தம் எழுந்தது. ஆனால் அதில் சொன்னது முழுப் பொய் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

எனக்கு அன்று உதவியது வாசலில் வாட்ச்மேன் வைத்திருந்த பதிவேடு. உள்ளே வரும் ஒவ்வொரு வண்டியும், அதில் என்ன சரக்கு என்பதும் அவர் கையெழுத்தில் தேதியோடு இருந்தது. வேலை நடந்த நாட்களைப் புரட்டினோம். ஒரு வண்டியில் 25 பக்கெட், இன்னொன்றில் 16. ஆக மொத்தம் 20 லிட்டர் பக்கெட் 41.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு. 1 லிட்டர் பூச்சை 1 சதுர மீட்டரில் சமமாகப் பரப்பினால் ஈரத்தில் அதன் கனம் சரியாக 1 மில்லிமீட்டர். காயும்போது அதில் ஒரு பகுதி ஆவியாகிவிடும். எவ்வளவு மிஞ்சும் என்பது அந்தப் பொருளின் தகவல் தாளில் 'திடப்பொருள் சதவீதம்' என்று போட்டிருக்கும். கன அளவிலா, எடையிலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டியது கன அளவு. எடைக் கணக்கில் எண் பெரும்பாலும் பெரியதாகத் தெரியும் என்பதால் விற்பவர்கள் வாய்ப்பேச்சில் அதைத்தான் சொல்வார்கள். இந்தப் பூச்சுக்குக் கன அளவில் 60 சதவீதம். காய்ந்தபின் 0.9 மி.மீ. நிற்க வேண்டுமென்றால் ஈரத்தில் 1.5 மி.மீ. போட்டாக வேண்டும். 1,000 சதுர மீட்டருக்கு 1,500 லிட்டர், அதாவது 75 பக்கெட். கைப்பிடிச் சுவரில் ஏற்றிப் பூசுவது, ரோலரில் ஒட்டி வீணாவது எதுவும் இதில் சேரவில்லை. வந்ததோ 41. அந்த 820 லிட்டரும் ஒரு சொட்டு வீணாகாமல் தரையிலேயே போயிருந்தாலும், காய்ந்தபின் 0.49 மில்லிமீட்டர்தான் தேறும்.

இந்தக் கணக்கைப் போட எந்தக் கருவியும் வேண்டாம், எந்தப் பொறியாளரும் வேண்டாம். வேலை ஆரம்பிக்கும் முன் செயலாளரே போட்டிருக்கலாம். காலி பக்கெட்டுகளைக் கடைசி நாள் வரை மாடியிலேயே வைக்கச் சொல்லி எண்ணினால் போதும். அன்றன்றைக்குத் திறந்த பக்கெட்டின் பேட்ச் எண் தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

பதிவேடு ஒரு சந்தேகத்தைத்தான் தரும். காண்ட்ராக்டர் "மீதிச் சரக்கு ஏற்கெனவே உள்ளே இருந்தது" என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான். பூச்சையே வெட்டிப் பார்க்க வேண்டும். நான் சங்கத்துக்காகப் போனவன் என்பதால் என் அளவை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அதனால் இரண்டு தரப்பையும் மாடிக்கு வரச் சொல்லி, ஆளுக்கு 6 இடம் காட்டச் சொன்னேன். எங்கே கனமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும், எங்கே மெல்லியதாக இருக்கும் என்று இவர்கள் ஊகித்திருந்தார்கள். 12 இடத்திலும் ஒரு சின்னச் சதுரம் வெட்டி எடுத்து, எல்லோர் முன்னாலும் மைக்ரோமீட்டரில் வைத்து அளந்து, உறையில் போட்டு, உறை மேல் இரண்டு பேரும் கையெழுத்து. 0.3 முதல் 0.6 வரை வந்தது. 0.9 எங்குமே இல்லை. காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் ஒரு துண்டை விரலில் உருட்டிப் பார்த்தபடி, "ரெண்டு கோட்டுதான் போல" என்று மெதுவாகச் சொன்னார். அவர் அந்த வேலைக்குப் பிறகு சேர்ந்தவர். பாவம்.

மூன்று கோட்டும் ஒரே வெள்ளை நிறம் என்பதால்தான் ஒரு கோட்டை விழுங்க முடிந்தது. முதல் கோட் சாம்பல், அடுத்தது வெள்ளை என்று நிறம் மாற்றிப் போடச் சொல்லியிருந்தால், விட்டுப்போன இடம் பக்கத்தில் நிற்கிறவருக்கே கண்ணில் பட்டிருக்கும். ஈரமாக இருக்கும்போதே கனத்தை அளக்க, பல்வரிசை வைத்த சின்னத் தகடு ஒன்று உண்டு. பார்க்கச் சீப்பு மாதிரி இருக்கும். பூச்சில் குத்தி எடுத்தால் எந்தப் பல் வரை நனைந்திருக்கிறதோ அதுதான் கனம். ஓர் ஆளுக்குப் பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

சரி, காண்ட்ராக்டர் சொன்ன இரண்டு விஷயத்துக்கு வருவோம்.

துளை உண்மைதான். ஏசி ஸ்டாண்டுக்காக 6 போல்ட் அடித்திருந்தார்கள். ஒழுகிய மூன்று வீடுகளில் ஒன்றுக்குக் காரணம் முழுக்க முழுக்க அந்தத் துளைகள்தான். அதை அறிக்கையில் அப்படியே எழுதினேன். செயலாளருக்குக் கோபம். "சார், நீங்க நம்ம பக்கமா, அவங்க பக்கமா?" என்று கேட்டார். மூன்றில் ஒன்று உங்கள் தவறு என்று நாமே எழுதினால்தான் மற்ற இரண்டை அவரால் மறுக்க முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். அன்று அவர் சமாதானமாகவில்லை.

தண்ணீர் தேங்கியதும் உண்மை. இது கொஞ்சம் சிக்கலானது, நான் பார்க்கும் தகராறுகளில் திரும்பத் திரும்ப வருவதும் இதுதான். தட்டையான மாடிக்கு மீட்டருக்கு 1 சென்டிமீட்டராவது வாட்டம் வேண்டும். மழைநீர்க் குழாய் 10 மீட்டர் தள்ளி இருந்தால் அங்கே தளம் 10 சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். மழை நின்று 48 மணி நேரம் கழித்தும் தண்ணீர் நின்றால் அதைத் தேக்கம் என்று கணக்கில் எடுப்பார்கள். இந்த மாடியில் குழாய் வாயைச் சுற்றியே தளம் மேடாக இருந்தது. கொட்டேஷனின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: 'தற்போதுள்ள வாட்டத்தின் மேல் பூச்சு வேலை மட்டும்.' உத்தரவாதத் தாளின் பின்பக்கம் இன்னொரு வரி: 'நீர் தேங்கும் இடங்களுக்குப் பொருந்தாது.' தனித்தனியாகப் படித்தால் இரண்டிலும் வில்லங்கம் தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், கையெழுத்துப் போட்ட அன்றே மாடியில் பாதிக்கு உத்தரவாதம் இல்லை என்று அர்த்தம். மற்ற இரண்டு கொட்டேஷனும் விலை அதிகமாக இருந்ததற்குக் காரணம், அவர்கள் வாட்டம் சரிசெய்வதைச் சேர்த்திருந்ததுதான்.

உத்தரவாதத்தில் இன்னொன்றும் கேட்க வேண்டும். அது பொருளுக்கா, வேலைக்கா? பொருள் தயாரித்த கம்பெனி பெரும்பாலும் புதுப் பக்கெட் தருவதோடு நிறுத்திக்கொள்ளும். பழையதைச் சுரண்டுவது, ஆள் கூலி, நனைந்த மெத்தை எதுவும் அதில் வராது.

இப்போது ஒழுகிக்கொண்டிருக்கிறதா? அவசரப்பட்டு வேறு ஆளைக் கூப்பிட்டு, சொட்டும் இடத்துக்கு நேர் மேலே சிமெண்டையோ தாரையோ பூச வேண்டாம். அதனால் இரண்டு கெடுதல். ஒன்று, தண்ணீர் புகுந்த இடம் அங்கே இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தளத்துக்குள் ஓடும் மின் குழாய்க்குள் இறங்கி, பல மீட்டர் நடந்து வந்து ஃபேன் கொக்கியிலோ லைட் பாயிண்ட்டிலோ சொட்டும். (அந்த அறைக்கு மின்சாரத்தை முதலில் அணையுங்கள்.) இரண்டாவது, "எங்கள் வேலை மேல் வேறு யாரோ கை வைத்துவிட்டார்கள்" என்று சொல்ல நீங்களே வாய்ப்புக் கொடுத்துவிடுவீர்கள். அதற்காக வீடு நனையட்டும் என்று விட்டுவிடவும் கூடாது. சேதத்தைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்று பின்னால் கேள்வி வரும். தார்ப்பாய் விரித்து, ஓரங்களில் பாரம் வைத்து, படம் எடுத்துவிடுங்கள்.

கடிதம் சங்கத்தின் பெயரில் போக வேண்டும், தீர்மானத்தோடு, ஒரே ஆள் கையெழுத்தில். இந்தக் குடியிருப்பில் காண்ட்ராக்டருக்கு 9 பேர் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்கள். ஒருவர் "பணம் திருப்பிக் கொடு" என்கிறார், இன்னொருவர் "வந்து ஒட்டுப்போட்டா போதும் அண்ணே" என்கிறார். அவர் இரண்டாவதை மட்டும் அச்செடுத்து வைத்துக்கொண்டார். கடிதத்தில் திட்டு வேண்டாம். எந்த வீடு, எந்த அறை, எந்தத் தேதி, படங்கள், கூட்டாக வந்து பார்க்க இத்தனை நாள் அவகாசம், அதுவரை தார்ப்பாய் போட்டிருக்கிறோம், இது எங்கள் உரிமையை விட்டுக்கொடுத்ததாகாது. அவ்வளவு போதும். குறை தெரிந்த நாளிலிருந்து வழக்குக்குக் காலக்கெடு ஓடலாம் என்பதால், பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு வழக்கறிஞரிடம் அந்தத் தேதியை மட்டுமாவது கேட்டு வையுங்கள்.

இவர்கள் வழக்குக்குப் போகவில்லை. 12 உறைகளும் மேஜையில் இருந்ததால் பேச்சு சீக்கிரம் முடிந்தது. பூச்சைச் சுரண்டி மறுபடி போடுவது காண்ட்ராக்டர் செலவு. வாட்டம் சரிசெய்யும் வேலையைச் சங்கம் முதலில் வாங்கவே இல்லை, அதனால் அது சங்கத்தின் செலவு. துளைபோட்ட வீட்டுக்காரர் ஸ்டாண்டைக் கால்களோடு மேடை மேல் ஏற்றி, தன் வீட்டுக் கூரையைத் தானே பூசிக்கொண்டார். வேலையின் மதிப்பில் 10 சதவீதத்தை இரண்டு மழைக்காலம் முடியும் வரை பிடித்து வைப்பது என்று புது ஒப்பந்தத்தில் எழுதினோம்.

இந்த முறை பூசும் முன் 45 சென்டிமீட்டர் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, 16 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தார்கள். முதல் நாள் அடியில் வியர்த்திருந்தது. தளத்தில் ஈரம் இருக்கிறது என்று வேலையை 4 நாள் தள்ளிப்போட்டார்கள். தள்ளிப்போட்டது காண்ட்ராக்டரின் அதே சூப்பர்வைசர்தான், யாரும் கேட்காமலேயே.

பூச்சு நன்றாகக் காய்ந்தபின் தண்ணீர் கட்டிப் பார்த்தோம். குழாய் வாய்களை அடைத்து, பாத்தி பாத்தியாக 2.5 சென்டிமீட்டர், 48 மணி நேரம். மாடி முழுக்க ஒரே நேரத்தில் கட்டவில்லை. 2.5 சென்டிமீட்டர் தண்ணீரே சதுர மீட்டருக்கு 25 கிலோ, இந்த மாடிக்கு மொத்தம் 25 டன். கட்டடம் தாங்குமா என்று கணக்குப் பார்க்காமல் யாரும் இதைச் செய்ய வேண்டாம். பக்கத்திலேயே ஒரு வாளியில் தண்ணீர் வைத்து அளவைக் கோடு போட்டு வைத்தோம். வாளியில் வெயிலுக்கு எவ்வளவு குறைந்ததோ பாத்தியிலும் அவ்வளவுதான் குறைந்திருந்தது.

பக்கெட் கணக்கு இந்த முறை வாட்ச்மேனின் பொறுப்பு. 79 என்று முடித்திருந்தார்.

இரண்டு மழைக்காலம் போய்விட்டது. பிடித்து வைத்த 10 சதவீதத்தை விடுவிக்கும் கடிதத்தைப் புதுச் செயலாளர் சென்ற வாரம் எனக்குப் பார்க்க அனுப்பியிருந்தார். யாரோ பழைய கடிதத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள் போல. 'முழுத் திருப்தியுடன்' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'இத்தேதி வரை கசிவு காணப்படவில்லை. உத்தரவாதம் தொடர்கிறது' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.