டிவியில் வசனம் ஏன் தெளிவாகக் கேட்பதில்லை? சவுண்ட்பார் வாங்கும் முன் கொஞ்சம் ஒலியியல்

வசனம் புரியவில்லையே என்று சத்தத்தைக் கூட்டினால், அடுத்த காட்சியின் வெடிச்சத்தம் வீட்டையே எழுப்பிவிடுகிறது. வயதானவர்கள் தங்கள் காதில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல வீடுகளில் கோளாறு டிவியின் உடல்வாகில் இருக்கிறது.

ஸ்பீக்கரின் வேலை காற்றை அசைப்பது. ஒலியின் அதிர்வெண் (ஒரு வினாடியில் எத்தனை முறை அதிர்கிறது என்ற எண், அலகு ஹெர்ட்ஸ்) பாதியாக இறங்கினால், அதே அளவு சத்தம் எழுப்ப நான்கு மடங்கு காற்றை அசைக்க வேண்டும். 400 ஹெர்ட்ஸிலிருந்து 100 ஹெர்ட்ஸுக்கு இறங்கும்போது அது 16 மடங்காகிவிடும். சில சென்டிமீட்டர் தடிமனே உள்ள டிவிக்குள் அடங்கும் குட்டி ஸ்பீக்கரால் அது முடிகிற காரியமில்லை. அதனால்தான் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட மத்தளமும் இடியும் சப்பையாகக் கேட்கின்றன.

வசனத்தைக் கெடுப்பது வேறொன்று. முன்பக்கம் முழுவதையும் திரையே எடுத்துக்கொண்டதால், பெரும்பாலான டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்நோக்கியோதான் இருக்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், டிவியைச் சுற்றி வளைந்து நம்மிடம் வந்துவிடும். 5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 7 சென்டிமீட்டர்தான். அது வளையாமல் நேராகப் போய்ச் சுவரில் மோதி, சிதறி, மிச்சம் மட்டுமே நம்மை எட்டுகிறது. ‘ஸ’, ‘ஷ’, ‘ஃப’ போன்ற ஒலிகளின் ஆற்றல் பெரும்பாலும் இந்த உயர் அதிர்வெண்களில்தான் இருக்கிறது. முதுகைக் காட்டி நின்று பேசுபவரின் பேச்சு போல, குரல் கேட்கும், சொல் பிடிபடாது.

சவுண்ட்பார் என்பது டிவிக்கு முன்னால் வைக்கும் நீளமான ஸ்பீக்கர் பெட்டி. ஆகவே, ஸ்பீக்கர்கள் நம் முகத்தைப் பார்த்து இருப்பதே அதன் முதல் பலன். மிக எளிய மாடலிலும் இது கிடைத்துவிடும்.

பெட்டியில் 2.0, 2.1, 3.1, 5.1.2 என்று எண்கள் இருக்கும். முதல் எண் காது மட்டத்துச் சேனல்கள் (தனித்தனி ஒலித்தடங்கள்), அடுத்தது சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர்), மூன்றாவது இருந்தால், மேலிருந்து வரும் ஒலிக்கான சேனல்கள். 5.1 ஒலியமைப்பில் வசனத்தின் பெரும்பகுதி நடுச் சேனலில்தான் பதிவாகிறது. 2.1 பாரில் அதற்கெனத் தனி ஸ்பீக்கர் கிடையாது. இடமும் வலமும் இசையோடு சேர்த்து வசனத்தையும் சுமக்கின்றன. 3.1 பாரில் தனி நடு ஸ்பீக்கர் உண்டு. பலவற்றில் அதன் சத்தத்தை மட்டும் கூட்டவும் முடியும். குறைந்த பட்ஜெட்டில் ஒன்றே ஒன்றுக்குத்தான் கூடுதலாகச் செலவழிக்க முடியும் என்றால், நான் இதற்குத்தான் செலவழிக்கச் சொல்வேன்.

தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவது போல அமைக்கும் தொழில்நுட்பம் ‘டால்பி அட்மாஸ்’. மலிவான பாரில் அதன் முத்திரையைப் பார்த்து மயங்க வேண்டாம். இரு காதுகளுக்கும் ஒலி வந்துசேரும் நேர வித்தியாசம் அதிகபட்சம் 0.7 மில்லிவினாடி அளவுதான். அதையும், காது மடல் ஒலியில் செய்யும் மாற்றத்தையும் வைத்தே மூளை திசையைக் கணிக்கிறது. மேல்நோக்கிய ஸ்பீக்கர் இல்லாத பார்கள் இந்தக் குறிப்புகளைக் கணக்கிட்டுப் போலியாக உருவாக்குகின்றன. ஒலி விரிந்தது போலத் தோன்றும். தலைக்கு மேல் ஹெலிகாப்டர் பறப்பது அபூர்வம்.

வாட் கணக்கும் அப்படித்தான். வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. சத்தம் இருமடங்காக உணரப்பட ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். போதாததற்கு, ஒரு கணம் மட்டும் எட்டக்கூடிய உச்ச அளவைப் பெரிய எழுத்தில் போடும் வழக்கமும் உண்டு. தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் அளவைத் தேடிப் பாருங்கள்.

இணைப்புக்கு ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி நல்லது, அதாவது டிவியின் ஒலியை ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியே பாருக்கு அனுப்பும் வசதி. 2009-இல் ஹெச்டிஎம்ஐயின் 1.4 பதிப்புடன் வந்தது இது. ஒரே கேபிளில் ஒலி போகும், பெரும்பாலும் டிவி ரிமோட்டிலேயே சத்தத்தையும் மாற்றலாம். பழைய டிவியாக இருந்தால், ஒலியை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் கேபிள் போதும். புளூடூத்தைப் பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். படத்தைவிட ஒலி 125 மில்லிவினாடி பிந்தினாலே பார்ப்பவருக்குத் தெரிய ஆரம்பிக்கும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. சாதாரண புளூடூத்தில் அந்த வரம்பு எளிதாக மீறப்படும். உதடும் குரலும் ஒட்டாது.

வாங்கியபின் பாரை அலமாரித் தட்டின் உள்ளே தள்ளாமல், மேசை விளிம்பை ஒட்டி வையுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் ஒலி எங்கிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிப்பது கடினம் என்பதால், சப்வூஃபரை ஓரமாக வைக்கலாம். ஆனால் அறையின் மூலையில் வைத்தால் சுவர்கள் சேர்ந்து தாழ்ந்த ஒலியைப் பெருக்கிவிடும். செய்தி வாசிப்பவரின் குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல முழங்கினால், முதலில் சப்வூஃபரின் அளவைக் குறையுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் மூலையிலிருந்து வெளியே நகர்த்துங்கள்.